கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் நூறு கிலோமீட்டர்: ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நூறு கிலோமீட்டர் ஓட்டிவிடுவது என்று நான் முதன்முதலாகக் கிளம்பியது ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை பறந்தேன். அதற்கும் அப்பால் ஐந்தாறு கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். வரும் வழியில் கோவளத்துக்குச் சற்று முன்னால், ஒரு சவுக்குத் தோப்பின் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை. காலித் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டி யானையில் நானும் சைக்கிளுமாக வீடு சேர்ந்தோம்.

காலில் வலுவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் என் சீட் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. நான்கு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கிளம்பியது இரண்டு மணி நேரம் தாமதம். மூன்றுமே முந்தின நாள் இரவே சரிசெய்திருக்கக்கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் கால் பலத்தைப் பற்றிக் குறைவாகவும், சீட், டயர், தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

இது யாருக்கு? ஏற்கெனவே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுகிறவர், வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர், பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லாதவர். அவருக்கு எட்டு வாரம் போதும். இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: சைக்கிள்

உங்களிடம் ஹைபிரிட் சைக்கிள் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நேரான ஹேண்டில்பார் கொண்ட ஹைபிரிட்டில் நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக்கில் கையை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைக்கலாம், காற்றுக்குக் குனிந்து ஓட்டலாம். ஐந்து மணி நேரம் சீட்டில் இருக்கும்போது இவை பெரிய வசதிகள்தான். ஆனால் இந்தப் பயணம் பிடித்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

வாங்குவதாக முடிவெடுத்துவிட்டால் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சட்டத்தின், அதாவது ஃபிரேமின், அளவு. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஓர் அளவு பெரியதை வாங்கிவிட்டு, பிறகு முதுகுவலியோடு விற்றவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, 28 மி.மீ. அல்லது 32 மி.மீ. டயர் உள்ளே போகுமா என்பது. மூன்றாவது கியர்: முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்னால் பெரியதில் 30 அல்லது 32 பற்கள் இருந்தால் பின்னாளில் ஏலகிரிக்கும் போகலாம். கியர் தயாரிக்கும் ஷிமானோவின் வரிசையில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிப்படியாக விலை ஏறும். கீழ்ப்படியான கிளாரிஸின் எட்டு கியர்களே இந்தச் சமவெளிச் சாலைக்கு மிகையானவை. மிச்சமாகும் பணத்தை நல்ல டயர், நல்ல விளக்கு, பஞ்சு வைத்த கால்சட்டை ஆகியவற்றில் போடுங்கள்.

கார்பன் சட்டமா அலுமினியமா என்று கேட்பீர்கள். அலுமினியம். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் இரும்பு ஹெர்குலிஸில் அரிசி மூட்டையும் இரண்டு பிள்ளைகளுமாக எங்கள் தாத்தா நாள்தோறும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வந்தார். கியர் கிடையாது. சைக்கிளின் எடையைக் குறைப்பதைப் பற்றி யாராவது நீளமாகப் பேசினால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

படி 2: சீட்டின் உயரம்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். நம்மில் பலர் சிறுவயதில் குரங்குப்பெடல் போட்டுப் பழகியவர்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் படவேண்டும் என்ற எண்ணம் அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. அந்த உயரம் கடைத்தெருவுக்குச் சரி. நூறு கிலோமீட்டருக்கு அது முழங்காலைத் தின்றுவிடும்.

சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறுங்கள். குதிகாலைப் பெடலின் மேல் வைத்துப் பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முழங்கால் மடங்காமல் நேராக வரவேண்டும்; இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இதே உயரத்தில், ஓட்டும்போது முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்காலில் தேவையான மடிப்பு தானாகக் கிடைத்துவிடும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் ஒரு கணக்கு இருக்கிறது. வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட்டைப் போல மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். பெடல் கை சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட்டுக் கம்பியின் போக்கிலேயே சீட்டின் மேற்பரப்பு வரை இந்தத் தூரம் இருக்கவேண்டும். இது தொடக்கப்புள்ளிதான். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு நேரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியதும் கம்பியில் இன்சுலேஷன் டேப்பால் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போது சீட் இறங்கியிருந்தால் அந்த டேப் காட்டிக்கொடுத்துவிடும். என் முதல் தோல்விக்குக் காரணமான ஓர் அங்குலம் அப்படி ஒரு கடையில் இறங்கியதுதான்.

சீட்டின் மேற்பரப்பு தரைக்கு இணையாக இருக்கட்டும். மூக்கு கீழே சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும், சுண்டுவிரல் மரத்துப்போகும். மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போடாதீர்கள். அரை மணி நேரம் சொகுசாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் அமுங்கி நரம்பை அழுத்தும். பஞ்சு சீட்டில் இருப்பதைவிடக் கால்சட்டையில் இருப்பது நல்லது. சங்கடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று: அந்தக் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் புண்ணை உண்டாக்குகிறது. உராயும் இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம்.

படி 3: காற்றும் பஞ்சரும்

ரோடு பைக் ட்யூப்களில் பெரும்பாலும் மெலிந்த பிரெஸ்டா வால்வு இருக்கும். பெட்ரோல் நிலையத்தின் காற்றுக்குழாய் அதில் நேரடியாகப் பொருந்தாது. அழுத்தமானி உள்ள நின்றபடி அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். மெல்லிய ட்யூபில் காற்று வாரத்துக்குக் கணிசமாகக் குறையும் என்பதால் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னாலும் அடிக்கவேண்டியிருக்கும்.

டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் வரை அடிப்பது பழைய பழக்கம். கல்லுப்போல் இருக்கும் டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியைத் துள்ளவிட்டு வேகத்தை விரயமாக்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. (அழுத்தமானி காட்டும் அளவு) வைத்துத் தொடங்கலாம். 32 மி.மீ. என்றால் 55 முதல் 60 வரை. எடைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

பஞ்சர் வரும். இந்தச் சாலையில் அதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள்: ஓரத்தில் வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலத்தின் முள், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பி. இரண்டாவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ட்யூபை மாற்றிப் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால், கம்பி இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, கிளம்பும் நாளுக்கு முன் மூன்று முறையாவது பழகுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். டயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் (டயரை நெம்பும் சிறு பட்டை) எடுத்து ட்யூபை உருவுங்கள். உருவிய ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்வை அடையாளமாக வைத்து டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியால் டயரின் உட்புறத்தை முழுவதுமாகத் தடவுங்கள். கம்பி இருந்தால் துணி நூல் மாட்டும்; விரலும் கிழியாது. புது ட்யூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். விளிம்பை மூடும்போது வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடித்தால் கடைசிப் பகுதி இறுகாமல் ஏறும். கடைசிப் பகுதிக்கு லீவரைப் பயன்படுத்தாமல் கட்டைவிரலால் தள்ளுங்கள். லீவர் புது ட்யூபையும் கடித்துவிடும். காற்றடிக்கும் முன், டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் எங்கும் எட்டிப்பார்க்கவில்லை என்று சுற்றிலும் ஒருமுறை பாருங்கள்.

கையில் இருக்கவேண்டியவை: இரண்டு ட்யூப், இரண்டு லீவர், பேட்சுகள், கைப்பம்பு, மடக்குச் சாவித் தொகுப்பு, துணித்துண்டு, ஆதார் நகல், சில்லறையும் ஐந்நூறு ரூபாய்த் தாளும். டயரே கிழிந்துவிட்டால் பிஸ்கட் பாக்கெட் உறையை மடித்துக் கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்து ட்யூபைப் போடலாம். மெதுவாக வீடு சேரலாம்.

வழியில் பஞ்சர் கடைகள் உண்டு. ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும் கடைகளில் பெரும்பாலானவை லாரிகளுக்கானவை. அங்கே பிரெஸ்டா வால்வைக் காட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும்.

படி 4: எட்டு வாரம்

செவ்வாய், வியாழன் காலையில் நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். முதல் வாரம் 30 கி.மீ., பிறகு 35, 42. நான்காவது வாரம் மறுபடி 30 போதும், உடல் தேறிக்கொள்ளட்டும். ஐந்தாவது வாரம் 50, ஆறு 62, ஏழு 75. எட்டாவது வாரம் வார நாட்களில் ஒரே ஒருநாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஞாயிறு நூறு. எழுபத்தைந்து ஓட்டியவரால் நூறு ஓட்ட முடியும். அதற்கு முன் ஒருமுறை நூறு ஓட்டிச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

வேகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது நூறு கிலோமீட்டருக்கான வேகம் இல்லை. பெடல் சுழற்சியையும் கவனியுங்கள். பதினைந்து நொடியில் வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். இருபது முதல் இருபத்திரண்டு வரை இருந்தால், நிமிடத்துக்கு 80 முதல் 88 சுற்று, அதுதான் நல்லது. பதினைந்துதான் வருகிறதென்றால் கனமான கியரில் மிதிக்கிறீர்கள். கியரைக் குறைத்துவிடுங்கள். அது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஏழாவது வார ஓட்டத்தை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கால்சட்டை, அதே உணவு, அதே நேரம். புதுக் காலணியைக் கடைசி நாளில் முதன்முதலாகப் போடுவது, புதுச்செருப்போடு திருப்பதி மலையேறுவதைப் போன்றது.

படி 5: தண்ணீர், உப்பு, சாப்பாடு

உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை ஒரு எடை இயந்திரமே சொல்லிவிடும். ஒருநாள் காலை எடை பார்த்துவிட்டு, எதுவும் குடிக்காமல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 800 கிராம் குறைந்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 800 மி.லி. அதைப் பெருமளவு ஈடுகட்டினால் போதும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வது குறைவு, இழப்பு அதிகம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடிப்பதும் தவறு; உடலின் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், அதற்கு மேலும் போகலாம். இரண்டு பாட்டில்களில் ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். கரைசல், உறையில் சொல்லியிருக்கும் அளவில். மாமல்லபுரத்தில் இளநீர் குடிக்கலாம், அருமையாகத்தான் இருக்கும். ஆனால் இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீரோடு உப்புக்கடலையும் சாப்பிட்டால் கணக்கு சரியாகும்.

முந்தின இரவு வழக்கமான சாப்பாடு, சற்றுச் சோறு கூடுதலாக. புதிதாக ஒன்றும் வேண்டாம். பிரியாணி வேண்டவே வேண்டாம். அதிகாலையில் இரண்டு வாழைப்பழம், ஒரு காபி. வண்டியில் ஏறிய பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பழமும் கடலை மிட்டாயும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் போதும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என் சட்டையின் பின்பையில் எப்போதும் இருக்கும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளின் விலைக்கு ஒரு பெட்டி வாங்கிவிடலாம். முதல் மணி நேரம் முடியும்போதே சாப்பிடத் தொடங்குங்கள். பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் நீங்கள் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருப்பீர்கள்.

படி 6: மாதமும் காற்றும்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய, மழை இல்லாத ஒரு ஞாயிறு. அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும். நம் கால்தான் இப்படி மிதிக்கிறது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் போகும்போது மிச்சம் வையுங்கள். மணிக்கு 25 எளிதாக வந்தாலும் 22-இல் நிறுத்துங்கள். எதிர்காற்றில் வேகம் 18-க்கு இறங்கினால் மனம் உடையாமல் ஒரு கியரைக் குறைத்து, கையைக் கீழ்ப்பிடிக்குக் கொண்டுபோய், தலையைத் தாழ்த்தி ஓட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் முதல் நூறு கிலோமீட்டருக்குப் போகாதீர்கள். கடற்காற்று வர முற்பகல் தாண்டிவிடும். அதற்குள் வெயில் ஆளைச் சுட்டுவிடும்.

படி 7: அந்த நாள்

நேரக் கணக்கை முதலில் போடுங்கள். சராசரி மணிக்கு 20 கி.மீ. என்றால் ஓட்டம் ஐந்து மணி நேரம். நிற்பது நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. காலை 4.45-க்குக் கிளம்பினால் 10.25-க்கு வீடு. இந்த நேரம் எனக்கு வேறொரு காரணத்தாலும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் பொறுப்பு என்னுடையது. பதினொன்றுக்கு மேல் போனால் சந்தையில் நல்ல வஞ்சிரம் இருக்காது. வீட்டில் இந்த விளையாட்டுக்கு அனுமதி கிடைத்ததே அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான்.

ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். ஆக, ஒன்றே முக்கால் மணி நேரம் இருட்டில்தான் ஓட்டம். முன்விளக்கு 400 லூமென் அளவாவது இருக்கட்டும், பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள், உடம்பில் ஒளி பிரதிபலிக்கும் மேலாடை, தலையில் ஹெல்மெட். காதில் பாட்டு கூடாது. பின்னால் வரும் வண்டியின் சத்தம்தான் உங்கள் கண்ணாடி.

திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரை நகரம்தான். இங்கே ஆபத்து வேகத்தில் இல்லை. எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள்களிலும் திடீரென்று நிற்கும் பஸ்ஸிலும்தான். முட்டுக்காடு பாலம்தான் இந்தப் பாதையின் மலை. அதைக் குறைந்த கியரில், உட்கார்ந்தபடியே ஏறுங்கள். கோவளம் தாண்டியபின் வடநெம்மேலி. 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. பிறகு சாளுவன்குப்பம், மாமல்லபுரம். திருவான்மியூரிலிருந்து இங்குவரை ஏறத்தாழ 45 கி.மீ. ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் கல்பாக்கம் திசையில் போய்த் திரும்பவேண்டும். சாலையோடு மனம் ஒன்றுவது அந்த மிச்சத் தூரத்தில்தான். ஆள் அரவம் குறைந்து, இருபுறமும் பச்சையாக இருக்கும்.

சாலையோர வெள்ளைக் கோட்டினை ஒட்டி மணலில் ஓட்டாதீர்கள். தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டினால் பின்னால் வருபவர் உங்களைச் சுற்றிப் போவார்; ஓரத்தில் ஒண்டினால் உரசிக்கொண்டு போவார். கடற்காற்று சாலையில் மணலைப் பரப்பியிருக்கும். அதன்மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள், நேராகக் கடந்துவிடுங்கள். நாய் துரத்தினால் உரக்க ஒரு அதட்டல், தேவைப்பட்டால் பாட்டில் தண்ணீரை அதன் முகத்தை நோக்கிப் பீய்ச்சுதல். அதுவும் பலிக்காவிட்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். உதைக்க முயன்றால் விழுவது நீங்கள்தான். ஞாயிறு காலையில் இந்தச் சாலையைப் பந்தயத் தடமாக நினைக்கும் கார்களும் வரும். அவர்களிடம் நியாயம் பேச வேண்டாம், வழிவிடுங்கள்.

மாமல்லபுரத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். இரண்டு இட்லி, இளநீர், பாட்டில் நிரப்புதல். நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள், அரைமணி போவது தெரியாது. இரண்டாவது நிறுத்தம் திரும்பும் வழியில், கோவளத்தில், பதினைந்து நிமிடம்.

எழுபதிலிருந்து எண்பத்தைந்து வரைதான் சோதனை. உடம்பைவிட மனம் சலிக்கும் தூரம் அது. நான் அப்போது கிலோமீட்டர் காட்டும் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஊர்ப் பலகையை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன்.

ஆனால் சலிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. வெயிலில் மயிர்க்கூச்செறிவது, வியர்வை நின்றுபோவது, தலை சுற்றுவது, பேச்சு குளறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். நிழலுக்குப் போய், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேச்சு குளறினால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மற்றபடி வாடகை வண்டியோ குட்டி யானையோ ஏதாவது ஒன்று வரும்.

படி 8: வீடு திரும்பிய பிறகு

அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு. தயிர்சாதமும் முட்டையும் எனக்கு ஒத்துவருகிறது. கால்சட்டையை உடனே அலசி வெயிலில் உலர்த்துங்கள், மூட்டையில் அப்படியே கிடந்தால் அடுத்த வாரம் தோல் புண்ணாகும்.

பிறகு சைக்கிள். கடலோரக் காற்றின் உப்பு செயினை இரண்டே நாளில் துருவேற்றும். ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, செயினை உலர்ந்த துணிக்குள் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கறுப்பு போகும்வரை துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதை மறுபடி துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய் மணலைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாளாக மாறும். டயரைச் சுற்றிப் பார்த்து ரப்பரில் பதிந்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளை ஊசியால் கிளறி எடுங்கள்.

மாதம் ஒருமுறை செயினை ஸ்கேலால் அளந்துபாருங்கள். கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 ஆணிகள் தள்ளி இருப்பதன் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தாண்டும்வரை விட்டுவிட்டால் பின் பல்சக்கரத் தொகுப்பையும் சேர்த்து மாற்றவேண்டிவரும். அதன் செலவில் ஒரு வருடத்துக்குக் கடலை மிட்டாய் வாங்கலாம்.